பல் பிடுங்கின குழியில எலும்புத் தூள் வெச்சவங்க யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பென்னாகரம் பக்கம். அம்மாவுக்கு 56 வயசு, சுகர் இருக்கு. கீழ்க் கடவாய்ப்பல்லு வேர் வரைக்கும் விரிசல் விட்டுடுச்சு. வர்ற வியாழக்கிழமை தர்மபுரியில பிடுங்கணும். பிடுங்கின கையோட குழியில எலும்புத் தூள் நிரப்பி, மேல மெல்லிசா ஒரு சவ்வு வெச்சுத் தையல் போட்டுடலாம்னு டாக்டர் சொல்றார். சும்மா விட்டா ஒரு வருசத்துல அந்த இடத்து எலும்போட அகலம் பாதி வரைக்கும் குறைஞ்சிடலாமாம், அதுலயும் முதல் 3 மாசம்தான் வேகமாம். அப்புறம் இம்ப்ளான்ட் (தாடை எலும்புல திருகி வைக்கற செயற்கைப் பல்லு) வைக்க எலும்பு பத்தாம போயிடும்.

அம்மாவோட தயக்கம் வேற. அந்தத் தூள் மாட்டெலும்புல இருந்து எடுக்கறதுன்னு கேட்டதும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. "கும்பிடற மாட்டை வாயில வெச்சுக்கறதா சாமி?"ன்னு கேட்டாங்க. கால்சியம் பாஸ்பேட்ல செயற்கையா செஞ்ச தூளும் இருக்குன்னு டாக்டரே சொன்னார். அவங்க மனசு ஒப்பாததைச் செய்ய எனக்கும் இஷ்டமில்லை.

செயற்கைத் தூள் வெச்சவங்க, முக்கியமா சுகர் இருக்கறவங்க சொல்லுங்க. புண் ஆற எத்தனை நாள் ஆச்சு? 4, 6 மாசம் கழிச்சு இம்ப்ளான்ட் நல்லா பிடிச்சுதா? தர்மபுரி, கிருஷ்ணகிரியில எவ்வளவு செலவாச்சு? புதன்கிழமைக்குள்ள தெரிஞ்சா டாக்டர்கிட்ட பேசிடுவேன்.