ஹொஸ்டல் ரூமுக்கு என்னத்த கொண்டு போற, எப்படி அடுக்கிற?

பொத்துவில் புள்ள:
அக்காமார் அண்ணாமார், வாற கிழம வந்தாறுமூலை கம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஹொஸ்டலுக்கு போறன், முதலாம் வருஷம். ரூம இன்னும் பாக்கல்ல, நாலு பேர் ஒரு ரூம், ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு சின்ன மேச, அலுமாரியில பாதி எண்டு சொல்றாங்க. வீட்டில அம்மா பெரிய சூட்கேஸ் ரெண்டு, மெத்த, ரைஸ் குக்கர், அயன் எல்லாம் கட்டி வச்சிட்டா. பஸ்ஸில தான் போகணும், கல்முனையில இறங்கி ஏறவும் வேணும். எனக்கு மேச மட்டும் படிக்க கிளியரா இருந்தா காணும், மத்தத எப்படி அடுக்கிற எண்டு சொல்லுங்க.

செங்கலடி அக்கா:
தங்கச்சி, சூட்கேஸ் ஒண்டு காணும். ரூம கண்ணால பாத்திட்டு மறுகா வாங்குங்க, வாளி, கோப்ப, ஹேங்கர், கொடிக்கயிறு எல்லாம் கம்பஸுக்கு கிட்ட செங்கலடியிலயே எடுக்கலாம், அதுக்காக பொத்துவில்ல இருந்து சுமக்க தேவையில்ல. உங்கட ஸ்டோர் ரூம் கட்டிலுக்கு கீழ தான். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ரெண்டு, உயரம் கட்டிலுக்கு கீழ போற மாதிரி அளந்து வாங்குங்க, ஒண்டுல உடுப்பு, ஒண்டுல சாப்பாட்டு சாமான். கார்ட்போட் பெட்டி வேணாம், மாரி மழ தொடங்கினா நிலம் ஈரமாகி அடி ஊறிப் போகும்.

மழய நினைச்சுத்தான் இந்த ரூமே அடுக்கணும். நவம்பர், டிசம்பர், ஜனவரியில சுவரெல்லாம் ஈரம் இழுக்கும். கட்டில சுவரோட ஒட்டிப் போடாம ஒரு சாண் தள்ளிப் போடுங்க, இல்லாட்டி மெத்தயில கறுப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சணம் பிடிக்கும். கொப்பி புத்தகமும் சுவர்ல சாத்தி வைக்க வேணாம். அரைகுறையா காஞ்ச உடுப்ப அலுமாரிக்குள்ள வச்சா ஒரே நாளில மணக்கும், பக்கத்துப் புள்ளட உடுப்பும் சேந்து மணக்கும். சேட்டிபிகேட் எல்லாம் சிப் போட்ட பிளாஸ்டிக் பைல்ல. ஒட்டுற ஹூக் வாங்காதீங்க, சுண்ணாம்புச் சுவர்ல நிக்காது, கட்டில் கம்பியில கொழுவுற எஸ் ஹூக் தான் நல்லம், பேக், துவாய், குடை எல்லாம் அதுல தொங்கும்.

ஒலுவில் நானா:
குக்கரையும் அயனையும் கட்டி அனுப்ப முன்ன ஹொஸ்டல் ரூல்ஸ கேளுங்க தங்கச்சி, கனக்க இடத்தில ரூமுக்குள்ள விடுறல்ல. அது வெறும் கட்டுப்பாடு இல்ல. பழைய உருண்ட பின் பிளக் 5 அம்பியர், நம்மட கரண்ட் 230 வோல்ட், அப்ப 1150 வாட்டுக்கு மேல இழுக்க ஏலா. ஒரு கேத்தலே 1500, 2000 வாட் வரும், அத மல்டி பிளக்கில குத்தினா வயர் சூடாகி உருகும். போன், லேப்டொப், சின்ன டேபிள் பேன் இதுகளுக்கு ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் கோட் காணும், அதயும் கட்டிலுக்கு கீழ போடாம மேசைக்கு மேல எடுத்து வைங்க. பெட்சீட் வாங்கிறண்டா கல்முனைக்கு பக்கத்து ஊர் மருதமுனை நெசவு எடுங்க, பருத்தி, வேர்வைக்கு நல்லம், கல்முனையில மாறக்குள்ள அங்கயே வாங்கலாம்.

கல்லடி அம்மா:
மனே, நுளம்பு வலய மறக்காதீங்க. சதுர வலை எடுங்க, நாலு மூலைக்கும் கயிறு கட்டினா சரி, வட்ட வலைக்கு சீலிங்ல ஹூக் வேணும், அது இருக்குமோ தெரியா. டெங்கு நுளம்பு பகல்ல, விடியக்காலையும் பொழுதுபடவும் தான் கனக்க கடிக்கும், அதனால பகல்ல படுத்தாலும் வலைக்குள்ள படுங்க. வாளியில தண்ணி பிடிச்சு வச்சா கிழமைக்கு ஒருக்கா ஊத்திட்டு உள்பக்கத்த தேய்ச்சு கழுவணும், முட்ட வாளி விளிம்போட ஒட்டிக்கிடக்கும், சும்மா ஊத்தினா போகாது. சீனி, மா, பிஸ்கட் எல்லாம் இறுக்கி மூடுற டப்பாவில போடுங்க.

பொத்துவில் புள்ள:
எல்லாருக்கும் நன்றி. அம்மாட்ட காட்டினன், குக்கர எடுத்து வச்சிட்டா, மெத்தய மட்டும் விடுறா இல்ல 😊 அக்கா, மேசைக்கு என்ன செய்ய?

செங்கலடி அக்கா:
மெத்த ஹொஸ்டல்ல குடுப்பாங்களா எண்டு போன் பண்ணி கேட்டிட்டு முடிவெடுங்க. மேசையில லைட், தண்ணிப் போத்தல், அண்டைக்கு படிக்கிற கொப்பி, இவ்வளவும் தான். மத்த புத்தகத்த கட்டில் தலமாட்டில ஒரு சின்ன ரேக்கில நிமித்தி வைங்க. சீப்பு, கிரீம், பவுடர் எல்லாம் ஒரு சின்னக் கூடையில போட்டு அலுமாரிக்குள்ள. முதல் நாள் நேரத்தோட போனா ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைக்கும், ஆனா இருக்க முன்ன ஜன்னல் பூட்டு சரியா, மழச் சாரல் உள்ள வாற அடையாளம் சுவர்ல இருக்கா எண்டு பாத்திட்டு பேக்க வைங்க.