எட்டடிச் சந்து, நாலடி நிலம்: பேரூராட்சி கேட்டா எழுதிக் கொடுத்துடணுமா?

தறிக்கொட்டகை:
பள்ளிப்பட்டு பக்கம், ஊர் பேர் வேண்டாம். எங்க கொட்டகையை ஒட்டிப் போற சந்துக்கு மழைநீர் வடிகால், குடிதண்ணிக் குழாய், மேல பேவர் பிளாக்னு பேரூராட்சியில தீர்மானம் போட்டிருக்காங்க. சந்து எட்டடி. பன்னெண்டு இருந்தாதான் வேலை எடுப்போம்னு சொல்லி, மீதி நாலடியை என்னைத் தானப்பத்திரமா எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. எதிர்ப்பக்கம் மெத்தை வீடுங்க, இடிக்க முடியாதாம்.

110 அடி நீளம். கணக்குப் போட்டா ஒரு சென்டுக்குச் சொச்சம். "ஒரு சென்ட்தானே"ன்னு எல்லாரும் சொல்றாங்க. பாவு பீம், அதான் நெசவு நூல் சுத்தின பெரிய உருளை, வண்டியில வந்தா இறக்கி வைக்கிற இடமே அதுதான். கொட்டகைச் சுவரு கல்லும் மண்ணும் வெச்சுக் கட்டினது. அதை ஒட்டிப் பள்ளம் தோண்டினா ஆறு தறி ஓடுற அதிர்வை அது தாங்காது. நான் கையெழுத்துப் போடல.

கடைசி வீடு:
அண்ணா, அந்தச் சந்துல கடைசி வீடு எங்களுது. போன வருஷம் மாமனாருக்குக் கை கால் இழுத்துக்கிச்சு. 108 வண்டி கரண்ட் கம்பத்துக்கிட்டயே நின்னுடுச்சு. நார்க்கட்டில்ல வெச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போனோம், உங்க கொட்டகை ஆளுங்களும் ஒரு கை பிடிச்சாங்க. 2021 நவம்பர்ல கிருஷ்ணாபுரம் அணை திறந்து ஆறு நிரம்பினப்ப சந்துத் தண்ணி வடிய வழியில்லாம நாலு நாள் நின்னுச்சு. அடுப்புக்கு அடியில செங்கல் வெச்சுதான் சமைச்சேன்.

எங்க மாமியார் காலத்துலேருந்து நடக்கறோம். 20 வருஷம் நடந்தா பாதை உரிமை வந்துடும்னு சட்டமே இருக்கு. நீங்க எப்படி மறிக்க முடியும்?

தறிக்கொட்டகை:
அக்கா, நடக்கறதை நான் மறிக்கல. 1882 வசதியுரிமைச் சட்டம், 15-வது பிரிவு 20 வருஷம்னு சொல்றது உண்மை. ஆனா உரிமையா, வெளிப்படையா, தடையில்லாம அனுபவிச்சிருக்கணும். அனுமதி கேட்டு நடந்தா அதுல சேராது. எங்க தாத்தா ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் சந்து வாயில ஒரு மூங்கில் கட்டி, ஒரு நாள் பாதையை மூடுவாரு. இது என் இடம்னு எல்லாருக்கும் தெரியட்டும்னுதான்.

இன்னொண்ணு. அதே சட்டத்துல 28-வது பிரிவு, ஒரு வகை வழி உரிமை இன்னொரு வகையைத் தராதுன்னு சொல்லுது. நடக்கறதும் வண்டி ஓட்டறதும் வேற, பூமிக்குள்ள குழாய் புதைக்கறது வேற.

சங்கிலிக்காரர்:
நில அளவைத் துறையில வேலை பாத்து ஓய்வு பெற்றவன். தம்பி, 28 சரி. மூங்கில் கதை நிக்காது. தடைன்னா, அதை அறிஞ்சும் நடக்கறவங்க ஒரு வருஷம் பொறுத்துப் போயிருக்கணும், அதுவும் 15-வது பிரிவு விளக்கத்துலயே இருக்கு. அனுமதி கொடுத்து விட்டதுக்கு அடையாளம்னு வேணா அதைக் காட்டலாம், பாதை அறுந்துடுச்சுன்னு சொல்ல முடியாது.

முதல்ல மூலப்பத்திரத்தை எடுங்க. 1960 ஏப்ரல் 1-க்கு முன்னாடி நாம ஆந்திராவோட சித்தூர் ஜில்லா. பத்திரம் தெலுங்குல இருக்கும். சந்து இருக்கிற மேற்குப் பக்கம் எல்லை என்ன போட்டிருக்கு?

தறிக்கொட்டகை:
1958 பத்திரம். பாட்டிக்குத் தெலுங்கு நல்லா வரும், படிக்கச் சொன்னேன். மேற்கே "பண்டி தாரி".

சங்கிலிக்காரர்:
அப்போ வண்டிப்பாதைதான் உங்க எல்லை. எல்லைன்னா அது உங்க நிலத்துக்கு வெளியே. அந்த எட்டடி உங்க தாத்தாவுது இல்ல தம்பி, அதுல மூங்கில் கட்டவே அவருக்குப் பாத்தியதை கிடையாது. புலப்படத்துல, அதான் சர்வே வரைபடத்துல, அந்தப் பாதையைப் புள்ளிக்கோடா போட்டிருக்கான்னும் பாத்துடுங்க.

மீதி நாலடி உங்களுது. அதுல யாருக்கும் வழியும் இல்ல, குழாயும் இல்ல. சொத்தை எடுக்கணும்னா சட்டப்படிதான் எடுக்கணும், அரசியல் சாசனம் 300-ஏ. ஹிமாசலப் பிரதேசத்துல 1967-68-ல ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டிக்கு 2020-ல சுப்ரீம் கோர்ட் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லுச்சு. தானம்னா மனசோட கொடுக்கறது. தீர்மானம் போட்டு வாங்கறதுக்குத் தானம்னு பேர் வைக்கக் கூடாது.

மூணாவது வார்டு:
ஐயா, விலை கொடுத்து வாங்கணும்னா மதிப்பீடு, பேச்சு, ஒப்புதல்னு ஃபைல் சுத்தி வரும். அதுக்குள்ள இந்தத் தெருவுக்கு வந்த பணம் அடுத்த தெருவுக்குப் போயிடும். எங்க தெருவுல மூணு பேர் மனமுவந்து ஆளுக்கு ரெண்டடி கொடுத்தோம். இப்போ தண்ணி வருது. ஊருக்குன்னு வரும்போது ஒருத்தர் விட்டுக் கொடுக்கத்தான் வேணும்.

தறிக்கொட்டகை:
நீங்க ஆளுக்கு ரெண்டடி பிரிச்சுக் கொடுத்தீங்க. இங்க நாலும் என் தலையில. எட்டடிக்குள்ளயே முடியாதா? நடுவுல வடிகால் எடுத்து, மேல சிலாப் மூடி, கம்பத்தை ஓரம் தள்ளினா ஆட்டோ, ஆம்புலன்ஸ் எல்லாம் வரும்.

மூணாவது வார்டு:
குடிதண்ணிக் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடக் கூடாது. குழாய் எங்கயாவது கசிஞ்சா சாக்கடைத் தண்ணி உள்ள இழுத்துக்கும், அப்புறம் சந்துல இருக்கிற குழந்தைங்க அத்தனை பேருக்கும் பேதி. ரெண்டுக்கும் நடுவுல இடம் வேணும்னுதான் பன்னெண்டு கேக்கறாங்க.

சங்கிலிக்காரர்:
அது நியாயமான கேள்வி, ஒத்துக்கறேன். ஆனா சந்து இப்போ நிஜமாவே எட்டடி இருக்கா? மெத்தை வீட்டுக்காரங்க வாசப்படி எவ்வளவு வெளியே வந்திருக்கு? அதை யாரும் எழுதல.

கடைசி வீடு:
எங்க படி ஒன்றரை அடி வெளிய இருக்கு. திண்ணையோட சேத்தா ரெண்டு. மாமனார் கட்டினது. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல, நாங்களும் நினைச்சுப் பாக்கல.

அண்ணா, படியை நாங்க எடுத்துடறோம். பக்கத்து வீட்டுலயும் பேசறேன். ஆனா அதுக்கப்புறமும் இடம் பத்தலைன்னா?

தறிக்கொட்டகை:
அப்போ பத்தாத அளவுக்கு மட்டும் விலைக்குத் தரேன், வழிகாட்டி மதிப்புக்கே. தானப்பத்திரம் எழுத மாட்டேன். சுவரு ஓரம் பள்ளம் எடுக்கறதுக்கு முன்னாடி முட்டுக் கொடுக்கணும், அதை எழுத்துல தரணும். சர்வேக்கு மனு நாளைக்கே கொடுக்கறேன். வர்ற வியாழன் அளக்கறதுன்னா உங்களால இருக்க முடியுமா அக்கா?

கடைசி வீடு:
வியாழன் மாமனாரை வேலூருக்குக் கூட்டிட்டுப் போகணும். வெள்ளிக்கிழமைன்னா காலையில ஏழு மணிக்கே சந்து வாயில நிக்கறேன். பாட்டியையும் அந்தப் பத்திரத்தையும் கூட்டிட்டு வாங்க.