ரீமாஸ்டர்: 'மறுசெப்பம்' சரிப்படுமா?

தருமபுரியிலிருந்து

வணக்கம். ஒலிப்பதிவுச் சொற்பட்டியலில் 'ரீமாஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே இன்னும் காலியாகவே கிடக்கிறது. 'மறுபதிப்பு' பொருந்தாது. அதே ஸ்டாம்பரில் (தட்டு அச்சடிக்கும் உலோக அச்சு) அதே தட்டை மீண்டும் அச்சடித்தாலும் அது மறுபதிப்புதான். ஒலியில் ஒன்றும் மாறியிருக்காது. 'மீட்டுருவாக்கம்' என்பதைக் கீறலும் வெடிப்பொலியும் நீக்குகிற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கலவை முடிந்த நாடாவை எடுத்து, ஒலிமட்டம், அடித்தொனி–மேல்தொனிச் சமன், பாட்டுகளுக்கு இடையிலான இடைவெளி எல்லாவற்றையும் வெளியீட்டுக்கு ஏற்றபடி செம்மை செய்வது மாஸ்டரிங். அதை 'செப்பம்' என்றும், பிற்காலத்தில் மீண்டும் செய்வதை 'மறுசெப்பம்' என்றும் முன்மொழிகிறேன். செப்பஞ்செய்த, செப்பஞ்செய்பவர் என்று வினைக்கும் ஆளுக்கும் வளைந்து கொடுக்கிறது.

ஓசூரிலிருந்து

அண்ணா, இந்தப் பக்கம் 'மறுசெப்பம்' என்றால் பாதிப் பேர் காதில் தெலுங்கு 'செப்பு'தான் விழும். மறுபடி சொல்லு என்கிறீர்களா என்பார்கள். அது கிடக்கட்டும், நான் எழுதுவது வேறு சிக்கல். உறையில் 'ரீமாஸ்டர்' என்று அச்சடித்து வருவதெல்லாம் ஒரே வேலை இல்லை. வெவ்வேறான மூன்று வேலைகளுக்கு ஒரே சொல்லை ஒட்டினால் பட்டியலால் பயனில்லை.

ஜாஸ் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாள்களில் நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் மூன்று தட நாடாவில் பதிவானது. மார்ச் மாதப் பதிவில் முதன்மை நாடா எந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அதனால் முதல் பக்கத்து மூன்று பாட்டுகளும் பல பத்தாண்டுகள் சற்று உயர்ந்த சுருதியிலேயே விற்றன. தட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்துப் பழகியவர்களின் வாத்தியம் ஒட்டவே ஒட்டாது. பக்கத்தில் சரியான வேகத்தில் ஓடிய காப்பு எந்திரத்தின் நாடாவைக் கொண்டு 1992இல் வந்த தங்கப்பூச்சுச் சிடியில்தான் இது திருத்தப்பட்டது. அந்த வேகத் திருத்தத்தை மறுசெப்பம் என்று ஏற்கிறேன்.

ஆனால் 1997இல் மார்க் வைல்டர் மூன்று தட நாடாவுக்கே திரும்பிப் போய், மூன்றையும் புதிதாகக் கலந்தார். எக்காளம் நடுவில் எவ்வளவு, பியானோ ஓரத்தில் எவ்வளவு என்பதே மாறலாம். இதை மறுசெப்பம் என்றால் தப்பு. 'மறுகலவை' என்று தனிச்சொல் வேண்டும்.

மூன்றாவது, மூலம் மாறுவது. சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' (1964 டிசம்பர் 9, ஒலிப்பதிவுப் பொறியாளர் வான் கெல்டரின் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் ஸ்டுடியோ) 2002இல் வந்தபோது, பதிவானதையடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்த படிநாடாவிலிருந்து (நகல் நாடா) எடுத்தார்கள். அதற்குமுன் வந்த பல வெளியீடுகளைவிட அது கேட்கத் தெளிவு. இந்தத் தெளிவு செம்மை செய்தவர் கைவண்ணமா, நாடா எத்தனையாவது நகல் என்பதா? நம் சொல்லில் அது தெரிய வேண்டாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து

சொல் எதுவானாலும், இரண்டு வெளியீடுகளை ஒப்பிட்டுவிட்டுப் பேசுவோம். முக்கால்வாசி ஒப்பீடு ஒலிமட்டத்திலேயே கெட்டுப்போகிறது. அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் 'நல்லா இருக்கு' என்னும்.

இரண்டு கோப்புகளிலும் ஒரே 30 விநாடியை வெட்டி, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலின் உரப்பு இயல்பாக்கத்தில் (லவுட்னஸ் நார்மலைசேஷன்) இரண்டையும் –23 லஃப்ஸுக்கு (உரப்பின் அளவு) கொண்டுவாருங்கள். சத்தமான கோப்பைக் குறைப்பதே முறை. மெலிந்ததை ஏற்றினால் உச்சங்கள் நறுக்கப்படலாம். பிறகு ஃபூபார்2000 என்ற பாட்டு இயக்கி நிரலின் ஏபிஎக்ஸ் (மறைத்துவைத்து ஒப்பிடும் சோதனை) செருகியில் எது எது என்று தெரியாமல் 16 முறை கேளுங்கள். 12க்குக் குறைவாகச் சரியாகச் சொன்னால், வேறுபாடு கேட்டது என்று எழுதாதீர்கள். வேகம் வேறான இரு வெளியீடுகளை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கும் சோதனை மட்டும் நடக்காது. சில விநாடிகளிலேயே விலகிவிடும்.

கேட்க வேண்டிய இடங்கள்: பாட்டு தொடங்குமுன் வரும் நாடா இரைச்சல், சிம்பல் ஓய்கிற வால், பிரஷ் உரசல், பாஸ் தந்தியை இழுத்துவிடும் முதல் கணம். இரைச்சலே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். இரைச்சல் நீக்கிதான் சிம்பல் வாலையும் தின்றிருக்கும். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டுகளில் பியானோ பெட்டிக்குள் ஒலிப்பது போலிருப்பது வான் கெல்டர் பதிந்த விதம். எந்த மறுசெப்பமும் அதை மாற்றப்போவதில்லை.

மாட்டிக்கொள்ளும் இரண்டு கண்ணிகள். 1980களின் சில சிடிகளில் மேல்தொனியை உயர்த்திப் பதிந்து, பிளேயரில் குறைக்கச் சொல்லும் குறியும் வைத்திருப்பார்கள். கணினியில் நகலெடுக்கும்போது அந்தக் குறி தவறிப்போகும். உச்சியில் ஏறக்குறைய 10 டெசிபல் கூடி நிற்கும். அதைத் 'துல்லியமான பழைய சிடி' என்று புகழ்கிறவர்கள் உண்டு. சாக்ஸ் (SoX) என்ற ஒலி நிரலில் 'டிஎம்ஃப்' (deemph) கட்டளை கொடுத்தால் சரியாகும். இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய சிங்க்ரனஸ் மோட்டார் (மின்சாரத்தின் அலைவெண்ணுக்கேற்பச் சுற்றுவது) டர்ன்டேபிள். 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த அது நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். மின்னழுத்த மாற்றி போட்டாலும் இது தீராது, கப்பி மாற்ற வேண்டும். கிரானைட் தூசி பறக்கும் எங்கள் ஊரில் தட்டைக் கழுவாமல் வெடிப்பொலிப் பழியை நாடாவின் மேல் போடவும் கூடாது.

ஓசூரிலிருந்து

டிஆர் எண்ணையும் (உச்ச ஒலிக்கும் சராசரி ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டுவது) சேர்த்துக்கொள்ளுங்கள். 1990களின் இறுதியில் வரத்தொடங்கிய ப்ளூ நோட்டின் ஆர்விஜி சிடி வரிசையை (வான் கெல்டர் பெயரின் முதலெழுத்துகள்) வான் கெல்டரே செப்பஞ்செய்தார். ஆனாலும் பல தட்டுகள் சத்தமாகவும் இறுக்கமாகவும் இருக்கின்றன, ஸ்டீரியோ அகலமும் குறைவு. மூலப் பொறியாளர் கையே பட்டது என்பதால் மேல் என்று சொல்ல முடியாது. 2019இல் தொடங்கிய ப்ளூ நோட்டின் டோன் போயட் வரிசை எல்பி இசைத்தட்டுகளை, செப்பஞ்செய்பவர் கெவின் கிரே மூலநாடாவிலிருந்து நேரே வெட்டுகிறார். எனக்குப் பிடித்தவை அவைதான். ஆனால் எல்பியைப் பதிந்து டிஆர் எண் பார்த்துச் சிடியோடு ஒப்பிடாதீர்கள். ஒரே செப்பத்திலிருந்து வந்தாலும் எல்பிப் பதிவு இரண்டு மூன்று கூடுதலாகக் காட்டும். கட்ட விலகல் (ஃபேஸ் ஷிஃப்ட்) உச்சங்களை உயர்த்துவதால் வருவது அது.

தருமபுரியிலிருந்து

ஓசூர்த் தம்பி சொன்னதை ஏற்கிறேன். பட்டியலில் இப்படிப் போடுகிறேன். அதே செப்பம் மீண்டும் வந்தால் 'மறுவெளியீடு'. கலவை மாறாமல் செப்பம் மட்டும் புதிதானால் 'மறுசெப்பம்'. பல தட நாடாவிலிருந்து புதிதாகக் கலந்தால் 'மறுகலவை'. அதற்குப்பின் செப்பமும் நடந்திருக்கும், தனியே சொல்ல வேண்டியதில்லை. நாடாவுக்கு 'மூலநாடா', 'காப்புநாடா', 'படிநாடா' என மூன்று. 'படிநாடாவிலிருந்து மறுசெப்பம், 2002' என்று எழுதினால் எது மாறியது என்பது ஒரே வரியில் விளங்குகிறது.

'மறுமூலவாக்கம்' என்று தனிமடலில் ஒரு பரிந்துரை வந்தது. மூலம் புதிதாக உருவாவதில்லை என்பதால் சேர்க்கவில்லை. மேல்தொனியை முன்கூட்டி உயர்த்துவதற்கு 'முன்னேற்றம்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், வேறு பொருள் வந்துவிடும். 'முன்னுயர்த்தல்', எதிர்ச்செயலுக்கு 'பின்தணித்தல்'. மறுப்பு இருந்தால் பட்டியலை ஏற்றுமுன் எழுதுங்கள். 'கட்ட விலகல்' மட்டும் இயற்பியல் பாடநூலோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.