சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் யாரையாவது சந்தித்து, அது இன்னும் மனதை அரிக்கிறதா?

பூனைக்குட்டி:
ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கம், உங்களுக்குத் தெரிந்த இடம்தான். ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். கறுப்பு மையில் ஒரு ஆடு, ரொம்பப் பிடித்துவிட்டது. விலை கேட்டேன், சொன்னார், என்னால் முடிகிற விலைதான். பணத்தை எடுக்கும்போது, "எந்தச் சுவர்ல மாட்டுவீங்க?" என்றார். வாடகை வீடு சார், ஆணி அடித்தால் ஓனர் கத்துவார், இப்போதைக்குப் பீரோவில் வைப்பேன் என்றேன். படத்தைச் சுருட்டி நாடா கட்டி உள்ளே வைத்துவிட்டு, "அப்போ வேண்டாம்மா" என்றார். அவ்வளவுதான். அது அவமானமா அக்கறையா என்று இன்றுவரை புரியவில்லை.

எழும்பூர்மாணவன்:
இதில் அவமானம் எங்கே வந்தது? படம் விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலை வரக்கூடாது என்றுதானே அந்த ஊரே உண்டானது. கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோது மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு 1966இல் ஆரம்பித்தார், பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) மாதிரி கைவினைப் பொருட்கள் விற்ற காசில் வாங்கிய நிலம் அது. துணி விற்பதற்கு, படம் வரைவதற்கு. நான் கல்லூரியில் படித்தபோது போனேன், அங்கே ஒருவர் என் ஸ்கெட்ச் புத்தகத்தை முழுசாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் டீ போடப் போய்விட்டார். எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஃபிரேம்கடைக்காரர்:
நானும் ஒரு தடவை போனேன், அங்கே இருக்கிற மியூசியம் மூடியிருந்தது, வாட்ச்மேனோடு பேசிவிட்டு வந்தேன். அதை விடுங்கள், அந்தப் பெரியவர் செய்தது சரி. பீரோவில் சுருட்டி வைத்தால் காகிதம் மடிந்த இடத்தில் மை உதிரும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பூஞ்சை வேறு. வாடகை வீடு ஒரு சாக்கே இல்லை, ஃபிரேம் போட்டு அலமாரி மேல் சாய்த்து வைக்கலாம். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, நடுவில் மவுன்ட் அட்டை வையுங்கள், அதுவும் அமிலம் இல்லாத அட்டை. மழை நனைக்கிற வெளிச்சுவர் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள். வெயில் நேராகப் படவும் கூடாது. பின்பக்கம் சாதா செலோ டேப் ஒட்டுகிற கடைக்காரனை நம்பாதீர்கள், சில வருஷத்தில் மஞ்சள் கறை முன்னால் வந்துவிடும். அப்புறம் போகிறவர்கள் 2009இல் திறந்த அந்த மியூசியத்தில் அந்த ஊர் ஓவியர் கே. ராமானுஜத்தின் மைச் சித்திரங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

பூனைக்குட்டி:
ஃபிரேம் போடுவது எப்படி என்று நான் கேட்கவே இல்லையே அண்ணா!

குப்பத்துப்பையன்:
எங்கள் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஓவியர் எங்கள் குப்பத்துக்கு வந்து உட்கார்ந்து தாத்தாவின் கட்டுமரத்தை வரைந்தார். தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "இது மிதக்காது" என்றார். எல்லா மரமும் ஒரே மட்டத்தில், ஒரே நீளத்தில் இருந்ததாம். அந்த மனிதர் கோபப்படவில்லை, எப்படி இருக்கணும் என்று கேட்டார். தாத்தா வாயால் சொல்கிற ஆள் இல்லை. காயப்போட அவிழ்த்து வைத்திருந்த மரங்களை மணலில் உருட்டி வந்து, நடு மரத்தைக் கீழே இறக்கி, கயிற்றைக் காலால் மிதித்து இறுக்கிக் கட்டிக் காட்டினார். ஓவியர் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு அந்த முடிச்சை மட்டும் வரைந்துகொண்டார், முதலில் வரைந்த படத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். அதை அம்மா அரிசி டிரம்முக்கு மூடி போட்டுவிட்டாள்.