ராட்வைலர், கோம்பை, பொமரேனியன்: நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்

மூன்றாம்தளவாசி, சென்னை

ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் 2024 மே 5 அன்று 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சு அடங்குவதற்குள் எங்கள் குடியிருப்பில் நடந்தது இது. லிப்ட் கதவு திறந்தபோது எதிரே ஒரு ராட்வைலர் நின்றது, கடிக்காமலிருக்க மாட்டும் வாய்மூடி இல்லை. பிடித்திருந்தவன் அந்த வீட்டில் வேலை பார்க்கும் பையன். அவனும் நாயும் ஏறக்குறைய ஒரே எடை இருப்பார்கள். என் மகள் கையில் பேக்கரிப் பை இருந்தது. நாய் குரைக்கவில்லை, உறுமவில்லை, பையை நோக்கி நடந்தது. பையன் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தும், அவனுடைய ரப்பர் செருப்புகள் டைல்ஸில் கிறீச்சிட்டபடி லிப்ட் வாசல்வரை வழுக்கி வந்தன. நாய் பையை மட்டும் வாங்கிக்கொண்டது. உரிமையாளர் வெளியே வந்து, "விளையாடுகிறது சார்" என்றார்.

யாரையும் கடிக்காத நாயைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அது கெட்ட நாய் என்று நான் சொல்லவில்லை. அது வேறொன்றைத் தீர்மானித்திருந்தால் அதைத் தடுத்து நிறுத்தும் வலு அந்தத் தளத்தில் யாருக்கும் இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

கம்பம்பள்ளத்தாக்கு

மேலே எழுதியவர் நாயைக் காட்டிலும் டைல்ஸைத்தான் குறை சொல்லியிருக்க வேண்டும். மாடு ஓட்டுவதற்கும் வண்டி இழுப்பதற்கும் ஜெர்மானியர்கள் வளர்த்த நாயை மூன்றாவது மாடியில் அடைத்து, நடத்திச் செல்வதற்கு ஒரு சிறுவனை அனுப்பினால், இனத்தின் மீது பழி போடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

எங்கள் தோப்பில் தலைமுறை தலைமுறையாகக் கோம்பை நாய்தான். செவலை உடல், கரிய மூஞ்சி, காட்டுப்பன்றியை மறித்து நிறுத்தும் சாதி. ஓர் இரவு என் மைத்துனர் முன்னறிவிப்பின்றி வேலி தாண்டி வந்துவிட்டார். நாய் சத்தமே போடாமல் அவருடைய வேட்டி முனையைக் கவ்விக்கொண்டு நின்றது. அப்பா எழுந்து வந்து "விடு" என்றார், விட்டது. வேட்டியில் எச்சில் ஈரம் இருந்தது. ஒரு நூல்கூடக் கிழியவில்லை.

2024 மார்ச்சில் மத்திய அரசின் கால்நடைத் துறை 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் கோம்பை இல்லை. ஆனால் 'டெரியர்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியதால், மடியில் உட்காரும் குட்டி டெரியரும் ராட்வைலரும் அதில் ஒரே வரிசைக்கு வந்துவிட்டன. உரியவர்களைக் கலந்துகொள்ளாமல் எழுதியது என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததில் வியப்பில்லை.

மருந்தக உதவியாளர்

நான் கால்நடை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். என் கையிலுள்ள தழும்புகளில் பெரும்பாலானவை சாதுவான லாப்ரடார்களும் சிறு நாய்களும் வலி பொறுக்காமல் தந்தவை. ஆனால் மறக்க முடியாதது காத்திருப்புக் கூடத்தில் நடந்தது. ஒரு நாட்டு நாய்க்கும் ஒரு பிட்புல்லுக்கும் சண்டை மூண்டது. நாட்டு நாய் கடித்தது, விட்டது, பின்வாங்கிக் குரைத்தது. பிட்புல் அதன் முன்னங்காலைக் கவ்வியது; கவ்வியதும் கண்களை மூடிக்கொண்டது. தண்ணீரை ஊற்றினோம், அடித்தோம், பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தோம். அத்தனை நேரமும் அதன் வால் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது.

பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. அதில் பூட்டு எதுவும் கிடையாது. பிடித்தால் விடாத நாய்களையே மனிதர்கள் பொறுக்கியெடுத்துச் சண்டைக்காக இனம் பெருக்கினார்கள், அவ்வளவுதான். தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்று 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வை நாய்ப் பிரியர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். அதை நானும் ஏற்கிறேன். ஒரு நாய் கடிக்குமா என்பதை அதன் இனத்தை வைத்துச் சொல்ல முடியாது. கடித்தால் கால் மிஞ்சுமா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

பக்கத்து வீட்டுப் பொமரேனியன் என் மனைவியின் குதிகாலைக் கடித்தது. "சின்ன நாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று நாய்க்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. கதை அவ்வளவே.

இங்கே எல்லோரும் இனத்தைப் பற்றியே பேசுவதால் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28 நாள்கள் கழித்து மறுபடி போட வேண்டும். இடையில் காயம் ஆறிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. ரத்தம் வரும் அளவுக்குக் கடித்திருந்தால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப்புரத மருந்தையும் செலுத்த வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது அரிதினும் அரிது. நாய் வளர்ப்பவர்கள் வாய்மூடி வாங்கும்போது கூடை போன்ற வகையை வாங்க வேண்டும். துணிப்பட்டை வகையில் நாயால் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாது. நம் வெயிலில் அது நாய்க்கே ஆபத்து.

ஈஸ்ட்ஹாம் தமிழச்சி

ஐயா சொன்னது அனைத்தும் பயனுள்ளது. ஆனால் இங்கே கேள்வி, இனத்தைப் பார்த்து நாயைத் தடை செய்யலாமா என்பது. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வகை நாய்களைத் தடை செய்தது. எக்ஸ்எல் புல்லி என்னும் பெரிய, கட்டுமஸ்தான நாய் வகையையும் பிற்பாடு அதில் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். அது முறையாகப் பதிவான இனம் இல்லை என்பதால் தோற்றத்தையும் அளவையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆண் நாய் என்றால் தோள் உயரம் 51 சென்டிமீட்டரிலிருந்து கணக்கு தொடங்குகிறது. என் பக்கத்து வீட்டுப் பெண் தையல் டேப்பைக் கொண்டுவந்து தன் நாயைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தாள். பிறகு டேப்பைச் சற்றுத் தளர்த்தி அளந்தாள், நாயின் கால்களை அகட்டிவைத்தும் அளந்தாள். ஒவ்வொரு முறையும் அது அவள் காதை நக்கியது. இப்போது அதற்குக் கருத்தடை, மைக்ரோசிப், காப்பீடு எல்லாம் ஆகிவிட்டன. வெளியில் வந்தால் வாரும் வாய்மூடியும் கட்டாயம். ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் மைக்ரோசிப் தவிர இவற்றில் எதுவும் தேவைப்பட்டிருக்காது என்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் அந்த வாய்மூடி வந்த பிறகுதான் என் மாமியார் தனியாகக் கடைக்குப் போகிறார்.

மூன்றாம்தளவாசி, சென்னை

கம்பத்து நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. அப்பா "விடு" என்றதும் விட்டது என்கிறீர்கள். அப்பா ஊரில் இல்லாத இரவில் அந்தச் சொல்லை யார் சொல்வது?

கம்பம்பள்ளத்தாக்கு

அப்பா ஊருக்குப் போனால் நாயைக் கட்டிவிடுவோம். சங்கிலி மாட்டுவது அம்மாதான். நான் மாட்டப் போனால் அது இன்னும் பல்லைக் காட்டுகிறது.