பழைய விமானங்களோட சத்தம்: உங்க காதுல இன்னும் நிக்கறது எது?

பழைய_இறக்கை:

எல்லாருக்கும் வணக்கம். நேத்து நைட்டு தூக்கம் வராம யூடியூப்ல வல்கன் பாம்பர் வீடியோவா பாத்துட்டு இருந்தேன், எக்ஸ்எச்558, அதான் 2015 அக்டோபரோட பறக்கறத நிறுத்திட்டாங்களே அதே விமானம். நல்ல ஹெட்ஃபோன், 4கே வீடியோ, எல்லாம் இருந்தும் அந்த ஊளை மட்டும் வரவே இல்லங்க. நேர்ல கேட்டவங்களுக்குத் தெரியும், அது காதோட நிக்காது, நெஞ்செலும்புல வந்து இடிக்கும், பார்க்கிங்ல நிக்கற கார் அலாரம் எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு அடிக்க ஆரம்பிக்கும், குழந்தைங்க அழும், பெரியவங்க ஏன்னே தெரியாம சிரிப்பாங்க. வீடியோல வெறும் கரகரப்பு தான்.

அதனால கேக்கறேன். உங்க யாருக்காவது ஒரு விமானம் தலைக்கு மேல வர்றதுக்கு முன்னாடியே சத்தத்த வச்சே இது இன்னதுன்னு சொல்ல முடியுமா, அப்படி மனசுல ஒட்டிக்கிட்ட சத்தம் எது? அப்புறம் வல்கன் மட்டும் ஏன் அப்படி ஊளையிட்டுச்சுன்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. இப்ப பறக்காத விமானம் ஏதாவது பாத்திருந்தா அதையும் எழுதுங்க, படிக்க ஆசையா இருக்கு.

மெர்லின்_பைத்தியம்:

நண்பா நல்ல டாபிக். வல்கன் ஊளைக்கு எஞ்சின் மட்டும் காரணம் இல்ல, இறக்கையோட முன் விளிம்புல ரெண்டு பக்கமும் அகலமா ஒரு வாய் இருக்கும் பாருங்க, காத்து உள்ள போற இடம், அங்க இருந்து தான் அது வருது. பவர 90 சதவீதத்துக்கு பக்கத்துல கொண்டு போறப்போ உள்ள இழுக்கற காத்து அந்த குழாய்ல அதிர்ந்து ஊளையா வெளிய வரும், அதையும் தாண்டி ஏத்திட்டா ஊளை அடங்கி நாலு ஒலிம்பஸ் எஞ்சினோட இடி மட்டும் தான் மிச்சம். அதான் பைலட் த்ராட்டில முன்னாடி தள்ளற அந்த சில செகண்ட் மட்டும் கேக்கும், கேக்கறதுக்குள்ள போயிடும்.

எனக்கு மெர்லின் எஞ்சின் தான், பேர பாத்தாலே தெரியும். 27 லிட்டர் வி12, அதாவது வி வடிவத்துல 12 சிலிண்டர். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மொஸ்கிட்டோ, லங்காஸ்டர், பிந்தைய மாடல் மஸ்டாங் எல்லாத்துலயும் இதே குடும்பம் தான், ஆனா ஒவ்வொண்ணுலயும் வேற வேற மாதிரி கேக்கும், எக்ஸாஸ்ட் குழாய், ப்ரொப்பெல்லர், ரேடியேட்டர் எங்க இருக்குங்கறது எல்லாமே சேர்ந்து மாத்திடும். பின்னாடி வந்த ஸ்பிட்ஃபயர்கள்ல கிரிஃபான்னு வேற எஞ்சின் போட்டாங்க, கிட்டத்தட்ட 37 லிட்டர், சத்தம் இன்னும் கட்டையா இருக்கும், ப்ரொப்பெல்லரும் எதிர்ப்பக்கம் சுத்தும். அதனால மெர்லின் ஓட்டிப் பழகின பைலட் கிரிஃபான்ல டேக் ஆஃப் பண்றப்போ கால ரடர்ல எதிர்ப்பக்கம் வைக்கணும், மறந்தா ரன்வேய விட்டு இழுத்துட்டுப் போயிடும்.

சத்தத்த வச்சு ஆள ஏமாத்தறதுல முதலிடம் ஹார்வர்டுக்கு தான். கேட்டா பெரிய ஃபைட்டர் எதோ வருதுன்னு தோணும், வர்றது ட்ரெய்னர் விமானம்! அதுல எஞ்சினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவுல கியர் கிடையாது, நேரடியா சுத்தும், அதனால ப்ரொப்பெல்லர் இறக்கையோட நுனி ஒலி வேகத்துக்கு பக்கத்துல போயி அந்த கிழிக்கற சத்தம் வருது.

ஆனா என்னைக் கேட்டா பறக்கறதை விட ஸ்டார்ட் பண்றது தான் பாக்க வேண்டியது. டகோட்டா மாதிரி ரேடியல் எஞ்சின், அதான் சிலிண்டருங்க வட்டமா சுத்தி நிக்கற எஞ்சின், இருக்கற விமானத்த எடுத்துக்கோங்க. ராத்திரி பூரா நின்னா கீழ் சிலிண்டர்கள்ல ஆயில் இறங்கித் தேங்கிடும், அப்படியே ஸ்டார்ட்டர அமுக்குனா ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், அதனால முதல்ல ஆளுங்க வந்து ப்ரொப்பெல்லர கையால ஒவ்வொரு இறக்கையா எண்ணி எண்ணி சுத்துவாங்க. அப்புறம் ஒருத்தர் தீயணைப்பு சிலிண்டரோட ஓரமா நிப்பார். ஸ்டார்ட்டர் முனகும், ப்ரொப்பெல்லர் தயங்கித் தயங்கி திரும்பும், ஒரு சிலிண்டர் டப்னு பிடிக்கும், விட்டுடும், இன்னும் ரெண்டு பிடிக்கும், வயசான தாத்தா தொண்டைய செருமிட்டு பேச ஆரம்பிக்கற மாதிரி, திடீர்னு வெள்ளைப் புகை குபுக்குனு வந்து ஆளையே மறைச்சிடும், புகை கலையறப்போ 14 சிலிண்டரும் ஒண்ணா ஓடிட்டு இருக்கும். எரிஞ்ச ஆயில் வாசனையோட அந்தப் புகை கூட்டத்து மேல வந்து விழறப்போ யாரும் மூக்க பொத்த மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா.

ஆஃப்டர்பர்னர்:

ஸ்டார்ஃபைட்டர் எஃப்-104ஐ விட்டுட்டீங்களே அண்ணே!! வல்கனுக்கு அடுத்த ஊளை அது தான். அதே ஜே79 எஞ்சின் ஃபான்டம்லயும் உண்டு, ஆனா ஃபான்டம் அப்படிப் பாடாது, அதோட அடையாளம் புகை. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே வானத்துல கருப்பா ஒரு கோடு தெரியும், ஆஹா வந்துட்டான்னு எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவோம். இத்தாலி 2004-ல ஸ்டார்ஃபைட்டர நிறுத்திட்டாங்க, ஜெர்மனி 2013-ல ஃபான்டம நிறுத்திட்டாங்க. அப்புறம் ஹாரியர், அந்தரத்துல நின்னு கூட்டத்துக்கு மூக்க தாழ்த்தி கும்பிடு போடுமே, அந்த சத்தத்துக்கு காதுல பஞ்சு இல்லாம நிக்கவே முடியாது, பக்கத்துல இருக்கறவர் என்ன சொல்றார்னு வாயசைவ பாத்து தான் புரிஞ்சுக்கணும்.

நோட்டும்_பேனாவும்:

சத்தம் ஒருபக்கம் இருக்கட்டும், நான் ஸ்பாட்டிங் ஆள். பைனாகுலர், கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா, மழை வந்தா பேனா எழுதாதுன்னு ஒரு பென்சில். வால்ல இருக்கற சீரியல் நம்பர எழுதிட்டா போதும், அன்னைக்கு பொழுது சாப்பாடு இல்லாமலே ஓடிடும். இப்ப இருக்கறவங்களுக்கு ஆப்ப திறந்தா எந்த விமானம், எங்க இருந்து வருது, எத்தனை அடி உயரத்துல இருக்குன்னு எல்லாம் வந்துடுது, நல்லது தான், குறை சொல்லல. ஆனா அப்போ காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, இன்னைக்கு எந்த ரன்வே ஓடும்னு கணக்கு போட்டு, வேலிக்கு வெளிய அந்த முனையில போயி நின்னு, ஒண்ணுமே வராம திரும்பின நாள் நிறைய, திடீர்னு யாருமே எதிர்பார்க்காத ஒண்ணு வந்து இறங்கின நாளும் உண்டு, அந்த ரெண்டாவது வகை நாளுக்காகத் தான் முதல் வகைய பொறுத்துக்கிட்டோம்.

ஃபோட்டோ கதை தனி. ரோலுக்கு 36 படம், கழுவி வந்தா தான் என்ன கிடைச்சுதுன்னு தெரியும். ப்ரொப்பெல்லர் விமானத்த ஷட்டர் 1/1000ல எடுத்தா இறக்கை அப்படியே உறைஞ்சு நிக்கும், எஞ்சின் நின்னு போயி தொங்கற பொம்மை விமானம் போல இருக்கும், 1/125 பக்கம் இறக்கி கேமராவ விமானத்தோடயே நகர்த்தினா தான் ப்ரொப்பெல்லர் வட்டமா வரும், ஆனா பாதிப் படம் கலங்கிடும். ஃபிலிம் காலத்துல இது சூதாட்டம்.

இந்தப் பழக்கத்தால ஜெயிலுக்குப் போனவங்களும் இருக்காங்க தெரியுமா. 2001 நவம்பர்ல கிரீஸ்ல கலமாட்டா விமானத்தளத்துல பிரிட்டிஷ், டச்சு ஸ்பாட்டர் கோஷ்டி ஒண்ண உளவாளிங்கன்னு பிடிச்சு உள்ள வச்சாங்க, அடுத்த வருஷம் தண்டனையும் குடுத்துட்டாங்க, அப்பீல்ல தான் விடுதலை. நோட்டுல நம்பர் எழுதறதுல அப்படி என்ன சுகம்னு அந்த ஊர் ஆளுங்களுக்குப் புரியவே இல்ல. எங்க வீட்டுலயும் இன்னும் புரியல, அது வேற.

இப்ப பாக்க முடியாதது எதுன்னு கேட்டீங்க. 2014 கோடையில கனடா லங்காஸ்டர் அட்லாண்டிக்க தாண்டி வந்து பிரிட்டன்ல இருக்கற பிஏ474ங்கற லங்காஸ்டர் கூட சேர்ந்து பறந்துச்சு. 7,000-க்கு மேல கட்டின விமானத்துல பறக்கற நிலைமையில இருந்ததே அந்த ரெண்டு தான். ரெண்டும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வர்றப்போ எட்டு மெர்லின், நம்ம மெர்லின்_பைத்தியம் நண்பர் அங்க இருந்திருந்தா அழுதிருப்பார். நான் கேமராவ தூக்கவே இல்ல.

தரையில்_நிற்பவன்:

எல்லாரும் உருகுறீங்க, நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க. இங்கிலாந்துல ஃபார்ன்பரோ ஏர்ஷோ, 1952 செப்டம்பர் 6. ஜான் டெர்ரி ஓட்டின டிஹெச்.110 ஜெட் ஆகாயத்துலயே உடைஞ்சு எஞ்சின் கூட்டத்துல வந்து விழுந்துச்சு, பாக்க வந்தவங்கள்ல 29 பேர் இறந்தாங்க, கூட பைலட்டும் அப்சர்வரும். இடிபாட்ட ஒதுக்கிட்டு அன்னைக்கே ஷோவ தொடர்ந்தாங்க, நெவில் டியூக்ங்கற பைலட் ஹன்டர் ஜெட்ல ஏறிப் போனார். இன்னைக்கு அப்படி நடக்குமா? அதுக்கப்புறம் தான் கூட்டத்துக்கு நேரா வரக்கூடாது, இவ்வளவு தூரம் தள்ளித் தான் பறக்கணும்னு ரூல் இறுகுச்சு. 1988-ல ஜெர்மனியில ரம்ஸ்டைன் ஏர்ஷோ, 70 பேர். 2015-ல பிரிட்டன்ல ஷோரம் ஏர்ஷோ, பழைய ஹன்டர் ஜெட் ரோட்டுல வந்து விழுந்து 11 பேர், அதுல பல பேர் ஏர்ஷோ பாக்கவே வரல, கார்ல போயிட்டு இருந்தவங்க. 2022 நவம்பர்ல டல்லஸ் ஏர்ஷோல பி-17 பாம்பரும் கிங்கோப்ரா ஃபைட்டரும் மோதி ரெண்டு விமானத்துல இருந்த ஆறு பேரும் போயிட்டாங்க, கூடவே ஒரு பி-17ம் போச்சு.

எனக்கும் இந்த விமானங்க உயிர் தான். ஆனா நம்ம நெஞ்செலும்பு அதிரணும்னு 70, 80 வயசு விமானத்த மேல அனுப்பறது சரியா? அதுவும் இருக்கறதே ரெண்டு மூணுன்னா? மியூசியத்துல நிறுத்தி வச்சா நம்ம பேரப்பிள்ளைங்களும் பாப்பாங்களே.

மரமும்_கான்வாஸும்:

@தரையில்_நிற்பவன் அண்ணே, கேள்வி நியாயம், பாதி ஒத்துக்கறேன். ஷோரமுக்கு அப்புறம் பிரிட்டன்ல பழைய ஜெட் தரைக்கு மேல லூப், ரோல் அடிக்கறத தடுத்தாங்க, சும்மா கடந்து போறது, அகலமா திரும்பறது, அவ்வளவு தான். அது போதும்னு தான் நானும் சொல்றேன், லூப் அடிச்சா தான் சந்தோஷமா? வல்கன் நின்னது கூட விபத்தால இல்ல, அதுக்கு தொழில்நுட்ப ஆதரவு குடுத்த கம்பெனிங்க விலகிட்டாங்க, அது இல்லாம அந்த மாதிரி சிக்கலான ஜெட்டுக்கு பறக்க அனுமதி கிடைக்காது.

ஆனா ஓட விடாம நிறுத்தி வச்சா விமானம் பத்திரமா இருக்கும்னு நினைக்காதீங்க. சீல் காயும், ஆயில் இறங்கும், அதைவிட முக்கியம் அத கையாளத் தெரிஞ்ச ஆளுங்க ஒவ்வொருத்தரா போயிடுவாங்க. மொஸ்கிட்டோவ பாருங்க, பிர்ச் ப்ளைவுட்டுக்கு நடுவுல பால்சா வச்சு ஒட்டின மர விமானம். 1996-ல பிரிட்டன்ல ஒண்ணு விழுந்து ரெண்டு பேர் இறந்ததுக்கு அப்புறம் உலகத்துலயே பறக்கற மொஸ்கிட்டோ இல்லாம போச்சு. நியூசிலாந்துல அச்சு செஞ்சு, மரத்த புதுசா வளைச்சு ஒட்டி 2012 செப்டம்பர்ல கேஏ114ங்கற மொஸ்கிட்டோவ பறக்க விட்டாங்க. உலோக பாகங்கள்ல பழசு உண்டு, மரம் பூராவும் புதுசு. இது ஒரிஜினலா இல்லையான்னு சண்டை போடறவங்க போடட்டும், அந்த அச்சும் கைவேலையும் திரும்பக் கிடைச்சதே எனக்குப் பெரிசு. எனக்கு இதுல ஒரே கணக்கு தான், உலகத்துல கடைசியா ஒண்ணே ஒண்ணு இருந்தா தரையில வை, புதுசா கட்டத் தெரிஞ்சுதுன்னா பறக்க விடு.

சத்தம் கேட்டீங்கல்ல, எனக்குப் பிடிச்சது கம்மி சத்தம் தான். இங்கிலாந்துல ஓல்ட் வார்டன்ல ஷட்டில்வொர்த் கலெக்ஷன் இருக்கு, அங்க 1909 ப்ளேரியோ ஒண்ணு, மூணு சிலிண்டர் அன்சானி எஞ்சினோட. காத்து துளி அடிச்சாலும் வெளிய எடுக்க மாட்டாங்க, சாயங்காலம் மரத்து இலை அசையாம நின்னா தான். புல்லுல இருந்து கொஞ்சம் எழும்பி, நேரா கொஞ்ச தூரம் போயி, அப்படியே இறங்கிடும், திரும்பறது கூட கிடையாது. அதுக்கு கூட்டம் மூச்சு விடாம நிக்கும். அங்கேயே முதல் உலகப்போர் கால ரோட்டரி எஞ்சின் விமானங்களும் உண்டு, ப்ரொப்பெல்லரோட சேர்ந்து எஞ்சின் முழுசாவே சுத்தும், நம்ம பழக்கத்துல இருக்கற மாதிரி த்ராட்டில் கிடையாது, இறங்கறப்போ பைலட் ஸ்விட்ச அமுக்கி அமுக்கி எஞ்சின நிறுத்தி நிறுத்தி விடுவார், பர்ர்… பர்ர்… பர்ர்னு கேக்கும். எரியற ஆமணக்கெண்ணெய் வாசனை வேற. அந்தக் காலத்துல பைலட்டுங்க அத முகத்துல வாங்கிட்டே பறந்தாங்க, ஆமணக்கெண்ணெய் வயித்துக்கு என்ன செய்யும்னு நான் சொல்லத் தேவையில்ல 😄

பழைய_இறக்கை:

இவ்வளவு வரும்னு எதிர்பாக்கலங்க, எல்லாருக்கும் நன்றி. @தரையில்_நிற்பவன் சார் சொன்னது உறுத்துது, ஆனா நான் இன்னும் பறக்கற கட்சி தான், மரமும்_கான்வாஸும் போட்ட கணக்கு எனக்கு சரியா படுது. கடைசியா ஒரு சின்ன டவுட்டு, அடுத்த ஷோவுக்குப் போறப்போ சத்தத்த மட்டும் ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணணும்னா என்ன பண்ணலாம்? மொபைல்ல எடுத்தா என்ன ஆகும்னு நேத்து பாத்துட்டேன்.

மெர்லின்_பைத்தியம்:

மொபைல் உதவாது, அது பேச்சுக்குன்னு செஞ்ச மைக், கட்டை சத்தத்த வெட்டிடும், பெரிய சத்தம் வந்தா தானா அமுக்கிடும். கையில பிடிக்கற சின்ன ரெக்கார்டர் ஒண்ணு வாங்குங்க, 32 பிட் ஃப்ளோட்னு போட்டிருக்கறது கிடைச்சா லெவல் பத்தி கவலையே இல்ல, இல்லன்னா ஆட்டோ கெயின, அதான் சத்தத்துக்கு ஏத்த மாதிரி தானா லெவல மாத்தறத, ஆஃப் பண்ணிட்டு லெவல நல்லா குறைச்சு வைங்க. மைக் மேல அந்த முடி முடியா இருக்கற காத்து உறை கட்டாயம். கமென்ட்ரி ஸ்பீக்கர விட்டு எவ்வளவு தள்ளி நிக்க முடியுமோ தள்ளி நில்லுங்க, இல்லன்னா மெர்லின் வர்ற நேரம் பாத்து ஒருத்தர் ஸ்பான்ஸர் பேரா வாசிச்சுட்டு இருப்பார். பேட்டரி கூட ஒரு செட் வச்சுக்கோங்க, ஷோ எப்படியும் லேட்டாத் தான் ஆரம்பிக்கும்.