வயதைத் தவறாக நம்பியது குற்றவியல் வழக்கில் எதிர்வாதம் ஆகுமா?

கேள்வி:
சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவன் நான். குற்ற மனம் இல்லையேல் குற்றம் இல்லை என்றுதான் முதலில் கற்றோம். பிறர் குடையைத் தன்னுடையது என்று நம்பி எடுத்துச் சென்றவர் திருடர் ஆவதில்லை. ஆனால் சிறார் தொடர்பான பாலியல் குற்றங்களில், எதிரில் இருந்தவர் வயது நிரம்பியவர் என்று உண்மையாகவே நம்பியதாகச் சொன்னாலும் சில நாடுகளின் நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. இந்த ஒரு விவரத்திற்கு மட்டும் ஏன் இந்த விலக்கு?

மறுமொழி 1:
இதன் வேர் இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட பிரின்ஸ் வழக்கில் இருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்ணைத் தந்தையின் பொறுப்பிலிருந்து அவர் இசைவின்றி அழைத்துச் சென்றதே பிரின்ஸ் என்பவர் மீதான குற்றச்சாட்டு. அந்தப் பெண் தனக்குப் பதினெட்டு வயது என்று சொன்னதையும், பிரின்ஸ் அதை நம்பியதையும், அந்த நம்பிக்கை நியாயமானதே என்பதையும் ஜூரி ஏற்றுக்கொண்டது. இருந்தும் தண்டனை நிலைத்தது. வழக்கைக் கேட்ட பதினாறு நீதிபதிகளில் பிரெட் ஒருவரே மாறுபட்டார். வயதை அறிந்திருக்க வேண்டும் என்று சட்டப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை என்பது பெரும்பான்மையினர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று. குழந்தையைக் காக்கும் சட்டத்தில், தவறாகக் கணிப்பதன் அபாயத்தைப் பெரியவர்தான் சுமக்க வேண்டும் என்பதால், அந்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி 2:
முந்தைய மறுமொழியின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கவனமாக விசாரித்தும் ஏமாந்தவரையும், கேட்கவே விரும்பாமல் கண்ணை மூடிக்கொண்டவரையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1964இல் நியாயமான நம்பிக்கையை எதிர்வாதமாக ஏற்றது. அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2000இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, சிறார் தொடர்பான ஒரு குற்றத்தில், நம்பிக்கை நேர்மையானதாக இருந்தாலே போதும், நியாயமானதாக இருக்க வேண்டியதில்லை என்றது. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம் அந்த நிலையை மாற்றி, பாதிக்கப்பட்டவர் பதின்மூன்று முதல் பதினைந்து வயதுடையவராக இருந்தால், அவருக்குப் பதினாறு நிரம்பியது என்று குற்றம் சாட்டப்பட்டவர் நியாயமாக நம்பவில்லை என்பதை அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும் என்று வகுத்தது. பதின்மூன்றுக்குக் கீழே எந்த நம்பிக்கையும் உதவாது. பன்னிரண்டு வயதுச் சிறுமி தனக்குப் பதினைந்து என்று சொன்னதை நம்பிய பதினைந்து வயதுச் சிறுவன் குற்றவாளி என்ற தீர்ப்பு 2008இல் உறுதியானது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நம்பிக்கை ‘நியாயமானது’ என்பதை நீதிமன்றம் எதைக் கொண்டு தீர்மானிக்கிறது?

மறுமொழி 3:
நம்பினேன் என்று கூண்டில் நின்று சொல்வதால் மட்டும் பயனில்லை. அந்த நம்பிக்கை எதிலிருந்து பிறந்தது என்பதே ஆராயப்படும். தோற்றம், பேச்சு, அறிமுகமான சூழல், எத்தனை நாள் பழக்கம், இருவருக்கும் இடையிலான வயது வேறுபாடு ஆகிய அனைத்தும் கணக்கில் வரும். கனடாவின் குற்றவியல் சட்டம் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: வயதை அறிய நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்காதவர் தன் தவறான நம்பிக்கையை எதிர்வாதமாக முன்வைக்க முடியாது. வயது வேறுபாடு பெரிதாகும்போது எதிர்பார்க்கப்படும் விசாரிப்பும் கூடும். ஆகவே, ஒரே ஒரு முறை வயதைக் கேட்டு, வந்த பதிலோடு நின்றுவிட்டவர், அதே உரையாடலில் பள்ளி வகுப்பைப் பற்றிய பேச்சும் இருந்தது என்று தெரியவந்தால், பெரும்பாலும் அந்த வாதத்தை இழந்துவிடுவார்.